காருக்கு ஒரு குரல் வாங்கிக் கொடுத்தேன்

என் கார் பிறவியிலேயே வாயில்லாப் பூச்சி. ஜனக்புரியிலிருந்து புறப்பட்டு மத்திய டெல்லியில் இருக்கும் அலுவலகம் போய்ச் சேரும்வரை எல்லோருக்கும் வழிவிட்டுக்கொண்டே போகும். ஆட்டோ முந்தும், ஈ-ரிக்‌ஷா முந்தும், மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு போகும் கல்யாணக் குதிரைகூட ஒருமுறை முந்தியிருக்கிறது. ஹாரன் அடித்தால் முன்னால் போகிறவர் கொசு என்று நினைத்துக் கையை வீசுவார். ஓட்டுகிற ஆளைப் பார்த்துத்தான் வண்டியும் குணம் பழகியிருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள நான் நிறைய முயன்றிருக்கிறேன்.

அந்த வண்டியில் தினமும் மூன்று பேர் போவோம். நான் ஓட்டுவேன். முன் சீட்டில் மேடம்; கோயம்புத்தூர்க்காரர், எங்கள் இரண்டு பேரையும்விடப் பதவியில் ஒரு படி மேல். பின் சீட்டில் அண்ணாச்சி; திருநெல்வேலிக்காரர், கணக்குப் பிரிவு, பதவியில் எனக்குச் சமம், வயதில் கொஞ்சம் மூத்தவர். டெல்லியில் மத்திய சர்க்கார் ஆட்கள் கூட்டாகக் காரில் போனால் யார் எங்கே உட்காருவது என்பதைச் சம்பளப் படிநிலைதான் தீர்மானிக்கும். வண்டி யாருடையது, யாருக்குக் கால் நீளம், யாருக்குக் குமட்டும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். மேடத்துக்குப் பதவி உயர்வு வந்த மறுநாள் காலை, அதுவரை முன்னால் உட்கார்ந்துவந்த அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசாமல் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். மேடமும் ஒன்றும் சொல்லாமல் முன்னால் ஏறிக்கொண்டார். யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த ஏற்பாடுதான் பிற்பாடு அண்ணாச்சியின் தலையில் விடிந்தது.

அந்தக் காலைப் பயணம்தான் எனக்குச் சோறு. அலுவலகத்தில் பேச்சு இந்தி, எழுத்து இங்கிலீஷ். வீட்டில் நான் தமிழில் கேட்டால் மகள் இந்தியில் பதில் சொல்வாள். தமிழில் வாய்விட்டுப் பேசவும் ஜோக் அடிக்கவும் எனக்கிருந்த ஒரே மேடை அந்தக் கார். ரசிகர்கள் இரண்டே பேர்தான் என்றாலும் சீட் பெல்ட் போட்டிருப்பதால் எழுந்து போக முடியாது. அதிலும் அண்ணாச்சி அபூர்வமான ரசிகர். பழைய ஜோக்கைச் சொன்னாலும், "இத நீரு போன வருசம் இத விட நல்லா சொன்னீரு வே" என்று விமர்சனமும் சேர்த்துக் கொடுப்பார். சனிக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காயும் இட்லி அரிசியும் வாங்கிவருவோம். மந்திர் மார்க் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் மனைவி டீச்சர். அவர்கள் மகன் அந்த வருஷம் பிளஸ் டூ.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் என் காரின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. மாற்றித்தான் ஆகவேண்டும். கார்ச் சாமான் கடைகள் மட்டுமே இருக்கும் ஒரு சந்துக்குப் போனேன். கடைக்காரர் குனிந்து பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார்.

"அங்கிள்ஜி, கம்பெனி சாமான் போட்டா வண்டி பக்ரியாவே இருக்கும். நான் சொல்றதைப் போடுங்க. ஷேர் பன் ஜாயேகி" என்றார்.

ஆட்டைச் சிங்கமாக்கித் தருகிறேன் என்கிறார். அகலமான குழாய், பளபளவென்ற வாய், புகை தடையில்லாமல் ஓடுகிற புது மாதிரி சைலன்சர். புகையைச் சுத்தம் பண்ணுவதற்கென்று நடுவில் ஒரு டப்பா உண்டே, அது வண்டியின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறதாம். அதையும் கழற்றிவிட்டால் மூச்சு தாராளமாக வருமாம். என் மேஜைக்கு வரும் எந்த ஃபைலையும் நான் நாலு சந்தேகம் எழுப்பாமல் மேலே அனுப்பியதில்லை. இலாகாவில் எனக்கு அதனாலேயே கெட்ட பெயர். இந்த மனிதரிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஆவாஸ் கைசா ஆயேகா?"

சத்தம் எப்படி வரும் என்று கேட்டேன். மைலேஜ் குறையுமா, சட்டம் ஒத்துக்கொள்ளுமா, கழற்றுகிற டப்பா எதற்காக அங்கே இருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் எப்படி வரும். அவர் பக்கத்தில் நின்ற வேறொரு வண்டியை முடுக்கிக் காட்டினார். என் வயிற்றுக்குள் ஒரு தவில்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்தது போலிருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்கு வரக்கூடாத ஆசைகளின் பட்டியலில் இது எங்கேயும் குறிப்பிடப்படவில்லை. அதனால் எனக்கு எச்சரிக்கை கிடைக்காமல் போனது.

வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். பக்கத்தில் நின்ற இரண்டு கார்களின் அலாரங்கள் கத்தின. தெரு நாய்கள் வந்தன. மனைவி பால்கனிக்கு வந்தாள்.

"என்னங்க அது?"

"சைலன்சர் மாத்தினேன். மைலேஜ் கூடும்."

"எனக்குத் தெரிஞ்சு நாய்ங்கதான் கூடியிருக்கு."

மகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "அப்பா, ப்ளீஸ், இனிமே என்னை மெட்ரோ கேட்ல டிராப் பண்ணவேணாம். நான் பைதல் போயிக்கிறேன்." அவள் கிலோமீட்டர் கணக்கில் நடக்கத் தயாரானது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். சத்தம் வந்த திசையில் ஒரு காளைப் பருவத்தானை எதிர்பார்த்து வந்தவர், ஜன்னலில் குனிந்ததும் கம்பளிக் குல்லாயையும் அரைக்கை ஸ்வெட்டரையும் பார்த்துவிட்டு ஒரு கணம் தடுமாறினார். "பேட்டா கஹான் ஹை?" என்று கேட்டார். மகன் எங்கே என்கிறார். மகன் கிடையாது, இது என்னுடையதுதான் என்றேன். அவர் முகத்தில் வந்தது கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சலானை எழுதிக் கொடுத்துவிட்டு, "தியான் ரக்கியே அங்கிள்", பார்த்துப் போங்கள் என்று, பெரியவருக்குச் சாலையைக் கடக்க உதவுகிற மாதிரி அனுப்பிவைத்தார். அன்றைக்கே அதைக் கழற்றியிருக்க வேண்டும். இவ்வளவு அவமானப்பட்ட பிறகு கழற்றினால் பட்டதெல்லாம் வீண் என்று தோன்றியது. இந்தக் கணக்கில்தான் நான் சர்க்காரில் சம்பளம் வாங்குகிறேன்.

காரில் என் ரசிகர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கலாம். முதல் நாள் அண்ணாச்சி ஏறி உட்கார்ந்ததும், "என்ன வே, உள்ள ரைஸ் மில்லு வச்சிருக்கீரா?" என்றார். மேடம், "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாட்ட இருக்குதுங்க சார்" என்றார். அவர் பாஷையில் அது கடும் கண்டனம். வண்டி மெதுவாகப் போகும்போது சிங்கம் பொறுத்துக்கொள்ளும். பெரிய ரோட்டில் ஏறி எல்லோரும் போகிற வேகத்துக்கு வந்தால் போதும், கூரை, கதவு, கண்ணாடி எல்லாம் ஒரே சுருதியில் 'ம்ம்ம்ம்' என்று பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தில் யார் பேசினாலும் வாய் அசைவதுதான் தெரியும். நான் ஜனக்புரியில் ஒரு ஜோக்கை ஆரம்பித்தால் அதன் முடிவைச் சொல்ல சிவப்பு விளக்கு வரவேண்டும். சொல்லி முடிப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டால் அடுத்த சிக்னல்வரை காத்திருக்கவேண்டும். அதற்குள் அவர்களுக்கு ஆரம்பம் மறந்துபோயிருக்கும். மேடை எனக்கு, மைக் சைலன்சருக்கு என்றாகிவிட்டது.

தீபாவளி முடிந்ததும் டெல்லிக்கு வழக்கமாக வருவது வந்தது. காலையில் எழுந்து பார்த்தால் எதிர் பிளாக் இருக்காது. கண் எரியும், தொண்டை கரகரக்கும், ஊர் முழுக்க இருமும். அந்த மாதங்களில் டெல்லிக்காரனுக்கு என்ன வியாதி வந்தாலும் காரணம் தேடவேண்டியதில்லை. முட்டி வலித்தால்கூடக் காற்றைத்தான் சொல்வான். எங்களுக்கும் தலை வலிக்க ஆரம்பித்தது. எனக்குக் கொஞ்சம், மேடத்துக்குக் கொஞ்சம், அண்ணாச்சிக்கு மண்டையைப் பிளக்கிற மாதிரி. அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் அவர் மேஜையில் கவிழ்ந்துகொள்வார். மதியம் கொஞ்சம் தெளிவார். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மறுபடி குமட்டல். டிஸ்பென்சரியில் டாக்டர் அவர் நாக்கைக்கூடப் பார்க்கவில்லை. "பொல்யூஷன் ஹை, சப் கோ ஹை", காற்று மாசு, எல்லோருக்கும்தான் இருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

நான் சும்மா இருப்பேனா? சிநேகிதன் கஷ்டப்படுகிறான். கண்ணாடிகளை இறுக ஏற்றினேன். வெளிக்காற்று ஒரு பொட்டு உள்ளே வராதபடி ஏசியை உட்சுற்றில் வைத்தேன். கதவு இடுக்குகளில் புது ரப்பர் பட்டை ஒட்டினேன். இதெல்லாம் போதாதென்று காருக்குள் வைக்கிற சின்னக் காற்று சுத்திகரிப்பான் ஒன்று வாங்கி, அண்ணாச்சியின் மூக்குக்கு நேரே பொருத்தினேன். காற்று நன்றாயிருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும், மோசமாயிருந்தால் சிவப்பு. வண்டி நிற்கும்போது பச்சையாக இருக்கும். கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் சிவப்பு. தட்டிப் பார்த்தேன். கடையில் கொண்டுபோய்ச் சண்டை போட்டு வேறு வாங்கிவந்தேன். அதுவும் சிவப்பு. இந்தக் காலத்தில் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை என்று வழிநெடுகப் பேசினேன். நல்லவேளையாக அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை, சிக்னலில் நிற்கும்போது பின்னாலிருந்து அண்ணாச்சி சொன்னார்:

"சென்னைக்கு எழுதிக் குடுத்துட்டேன் வே."

"எதை?" என்று நான் திரும்புவதற்குள் பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன். வண்டி கிளம்பியது, சிங்கம் கர்ஜித்தது. கண்ணாடியில் பார்க்கிறேன், அவர் வாய் அசைகிறது. ஏதோ விளக்குகிறார். மேடம் பாதி திரும்பிக் காதைக் கொடுக்கிறார், அவருக்கும் கேட்கவில்லை. அடுத்த சிக்னலும் பச்சை, அதற்கடுத்ததும் பச்சை. வருஷம் பூராவும் சிவப்பாகவே நிற்கும் அந்த ரோட்டில் அன்றைக்கென்று எல்லாம் பச்சை. கடைசியில் வண்டியை ஓரங்கட்டி இஞ்சினை அணைத்த பிறகுதான் விஷயம் முழுசாக வந்தது.

உடல்நிலையைக் காரணம் காட்டிச் சென்னைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"டீச்சரம்மா?" என்று மேடம் கேட்டார்.

"அவளுக்கு வேல இங்கன. பையனுக்குப் பரீட்ச. நான் மட்டும் போய் ஒரு ரூம் எடுத்து மெஸ்ல திங்க வேண்டியதுதான். என்ன செய்ய? இந்த ஊரு காத்து என்னைக் கொன்னுரும் போல இருக்கு. ராத்திரி படுத்தா காலைல எந்திரிப்பேனான்னு இருக்கு வே."

நான் ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தேன். இஞ்சின் அணைந்துதான் இருந்தது. தெளிவாகக் கேட்டது. அவர் சிரிக்கவில்லை.

அதன்பிறகு நான் பட்ட எரிச்சலைச் சொல்லி மாளாது. டெல்லி சர்க்காரைத் திட்டினேன், பக்கத்து மாநிலத்து வயல்களில் எரிக்கிற வைக்கோலைத் திட்டினேன், பட்டாசு விட்டவர்களைத் திட்டினேன், லாரிகளைத் திட்டினேன். என் அபூர்வ ரசிகரை இந்த ஊர்க் காற்று பறித்துக்கொண்டு போகிறதே என்று மனைவியிடம் புலம்பினேன். ஒரு குடும்பத்தைப் பிரிக்கிறதே என்றும் சொன்னேன். உண்மையாகவே அதுவும் வருத்தம்தான். "மாற்றல் உத்தரவு வர்றதுக்குள்ள அவருக்கு உடம்பு சரியாயிட்டா, வாபஸ் வாங்கிடுவாரு" என்றாள் மனைவி. அதனால் நான் இன்னும் கவனமாக அவரைப் பார்த்துக்கொண்டேன். அதாவது, இன்னும் இறுக மூடினேன்.

அந்தச் சமயத்தில் மேடம் அக்கா மகள் கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டார். முன் சீட் காலியாக இருந்தது. அண்ணாச்சியை முன்னால் வரச் சொன்னேன். "அந்தம்மா லீவுல தானே போயிருக்கு, ரிட்டயராயா போயிட்டு?" என்று பின்னாலேயே உட்கார்ந்துகொண்டார்.

நடுவில் இரண்டு நாள் மழை பெய்தது. பருவம் தவறிய மழை. டெல்லி கழுவித் துடைத்தது போலாயிற்று. வானம் நீலமாக இருந்தது, எதிர் பிளாக்கின் மொட்டைமாடியில் காயும் சட்டையில் பொத்தான் தெரிந்தது. ஊரில் இருமல் நின்றுபோயிற்று. அண்ணாச்சிக்குத் தலைவலி நிற்கவில்லை. அன்றைக்குத்தான் அவர் நிஜமாகப் பயந்தார்.

"காத்துல இல்லன்னா நம்ம மண்டைக்குள்ளதான் வே என்னமோ இருக்கு" என்று சிக்னலில் மெதுவாகச் சொன்னார். மறுநாள் லீவு போட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல், தலையை ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றும் இல்லை என்று வந்தது. ஒன்றும் இல்லை என்றால் பின்னே என்ன என்று அதற்கும் பயந்தார். பேங்க் பாஸ்புக்கும் இன்ஷூரன்ஸ் காகிதமும் எந்த அலமாரியில் இருக்கிறது என்று மனைவியிடம் பேச்சுவாக்கில் சொல்லிவைத்ததாக என்னிடம் சொன்னார். நான் சுத்திகரிப்பானின் விசிறியை இன்னொரு படி கூட்டினேன்.

மேடம் திரும்பி வந்தார். முகம் தெளிந்து, கல்யாணச் சாப்பாட்டில் கொஞ்சம் பூசினாற்போல் வந்தார். முறுக்கு கொண்டுவந்திருந்தார். காலையில் முன்னால் ஏறி உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லிக்கொண்டு வந்தவர், பாதி வழியில் பேச்சை நிறுத்தினார். நெற்றியைத் தேய்த்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"சார், வண்டிய ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினேன்.

"ஊர்ல எனக்குத் தலவலி இல்லீங்க. நேத்து ஃப்ளைட்ல வந்து எறங்கி, டாக்ஸியில வீட்டுக்கு வந்தனுங்க, அப்பவும் இல்லீங்க. காலைல எந்திரிச்சு பால்கனியில நின்னு காபி குடிச்சனுங்க. இல்லீங்க." கொஞ்சம் நிறுத்தினார். தன்னுடைய பதவிக்குரிய குரலில், ஃபைலை மூடுகிற மாதிரிச் சொன்னார்: "இந்த வண்டில ஏறினப்பறந்தானுங்க."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கதவைத் திறந்து இறங்கினார். நானும் மேடமும் இறங்கினோம். இஸ்திரி போட்ட அலுவலக உடுப்போடு மூன்று நடுவயதுக்காரர்கள் ரோட்டோரத்தில் வரிசையாகக் குனிந்து ஒரு காரின் அடிவயிற்றைப் பார்த்தோம். போனவர்கள் வந்தவர்கள் நாங்கள் ஏதோ நாய்க்குட்டியைத் தேடுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

குழாயின் பளபளப்பான வாயில் புகை கொஞ்சம்தான் வந்தது. மிச்சமெல்லாம் அதற்கு முன்னாலேயே, பின் சக்கரத்துக்கு மேலே, பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டு அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி எழுந்து டிக்கியைத் திறந்தார். உள்ளே விரித்திருந்த பாயைத் தூக்கினார். தரையில் ஒரு ஓட்டை. அகலக் குழாயைத் தாங்க ஒரு கொக்கி மாட்டுவதற்காக அங்கிருந்த ரப்பர் மூடியைப் பிடுங்கியிருக்கிறார்கள். கொக்கி மாட்டியவர்கள் ஓட்டையை மூடவில்லை. அந்த ஓட்டை வழியாக, வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்ட மாதிரி, நிதானமாகப் புகை மேலே வந்துகொண்டிருந்தது. டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு அட்டை.

நான் கண்ணாடியை ஏற்றியது, ரப்பர் பட்டை ஒட்டியது, உட்சுற்றில் ஏசி வைத்தது எல்லாம் எதற்குப் பயன்பட்டது என்று எனக்கு அப்போது விளங்கிற்று. ஊர்க்காற்றை வெளியே நிறுத்திவிட்டு, நான் சொந்தமாகத் தயாரித்ததை உள்ளே பரிமாறியிருக்கிறேன். மூச்சிலும் பதவி பார்த்துத்தான்: மேலதிகாரிக்குக் கொஞ்சம், பின்னால் இருப்பவருக்கு முழுசாக. அந்தப் புகையை வடிகட்டுவதற்கென்று இருந்த டப்பாவைத்தான் கழுத்தை நெரிக்கிறது என்று கழற்றியிருந்தேன்.

அண்ணாச்சி டிக்கியை மூடினார். மெதுவாகத்தான் மூடினார்.

"ஸ்கேன் வரைக்கும் போயிட்டு வந்தேன் வே" என்றார். "அந்தக் குழாய்க்குள்ள படுத்துக்கிட்டு, பையன் படிப்ப முடிக்கிற வரைக்குமாவது விடுன்னு முருகன்ட்ட கேட்டுக்கிட்டு கிடந்தேன்."

நான் வாயைத் திறந்தால் ஜோக்தான் வரும், அன்றைக்கு அதுவும் வரவில்லை. அவர் ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். மேடமும் ஏறிக்கொண்டார். ஆட்டோவில் எல்லோருக்கும் ஒரே சீட் என்பதால் யோசிக்கவேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து இரண்டு பேரும் மெட்ரோ. அந்த வாரக் கடைசியில் அண்ணாச்சிக்குத் தலைவலி போய்விட்டது. மாத்திரையை நிறுத்தினார். பசி எடுத்தது. அந்த வாரக் கடைசியிலேயே மாற்றல் உத்தரவும் வந்தது.

வருஷக்கணக்கில் மாற்றல் கேட்டு எழுதிப்போட்டுவிட்டுக் கிடக்கிறவர்கள் எங்கள் இலாகாவில் ஏராளம். அண்ணாச்சியின் விண்ணப்பம் மட்டும் யாரோ பெட்ரோல் ஊற்றிவிட்ட மாதிரி ஓடியிருந்தது. உயிருக்கு ஆபத்து என்று அவ்வளவு உருக்கமாக எழுதியிருந்தார். எதற்கென்று சொல்லாமல் அவர் ஒருநாள் நீட்டிய இரண்டு வரி இங்கிலீஷைத் திருத்திக் கொடுத்தவன் நான்.

வாபஸ் வாங்க நிர்வாக அதிகாரியிடம் போனார். சாட்சிக்கு நானும் போனேன். அதிகாரி நல்ல மனிதர். டீ சொன்னார்.

"டெல்லி காற்று உங்களைக் கொன்றுவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள்" என்று இந்தியில் கேட்டார். ஜன்னலைக் காட்டினார். மழை தந்த சுத்தமெல்லாம் தீர்ந்து, வெளியே பழையபடி சாம்பல். "இப்போது காற்று நன்றாகிவிட்டதா?"

"இல்லை சார். கோளாறு காற்றில் இல்லை. காரில் இருந்தது" என்றார் அண்ணாச்சி.

"சர்க்கார் காரா?"

நான் எழுந்து நின்றேன். "சார், கஸூர் மேரே சைலன்சர் கா ஹை" என்றேன்.

குற்றம் என் சைலன்சருடையது. என் உத்தியோக வாழ்க்கையில் இவ்வளவு நேர்மையான ஒரு வாக்கியத்தை ஒரு மேலதிகாரி முன்னால் நான் சொன்னதில்லை. அவர் என்னைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பக்கத்து அறை ஆளைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். அவரும் சிரித்தார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சிரிப்பு அதுதான், நான் ஜோக் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரி சொன்னார்: நான் நம்புகிறேன், ஆனால் இதை ஃபைலில் எழுத முடியாது. மெடிக்கல் காரணம் காட்டி ஒருவரை அனுப்பிவிட்டு, அதே மாதத்தில் சைலன்சர் என்று காரணம் காட்டித் திரும்ப எடுத்துக்கொண்டால் மேலே இருப்பவர்கள் என்னைத்தான் மாற்றுவார்கள்.

கடைக்காரரிடம் போய் நின்றேன். என் பழைய டப்பா எங்கே என்றேன். "வோ தோ கயா அங்கிள்ஜி" என்றார். அது போயே போய்விட்டதாம். அதற்குள்ளே இருக்கும் ஏதோ உலோகத்துக்காகவே வாங்க ஆட்கள் இருக்கிறார்களாம். கழுத்தை நெரித்த டப்பாவுக்கு இவ்வளவு கிராக்கி என்று அன்று சொல்லவில்லையே என்றேன். நீங்கள் கேட்கவில்லையே என்றார். கம்பெனி சாமானுக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்து, மாட்டி, ஓட்டையை மூடி, புகைச் சான்றிதழ் வாங்கி முடித்தபோது வண்டி மறுபடி வாயில்லாப் பூச்சியாயிருந்தது. உள்ளே பேச ஆளில்லை.

அண்ணாச்சி கிளம்பின அன்று ஸ்டேஷனுக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். டீச்சரம்மா, "இல்லண்ணே, டாக்ஸி சொல்லியாச்சு" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பெட்டிகள் டாக்ஸியில் கொள்ளவில்லை. அவற்றை என் காரில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். பெட்டிகளுக்கு மூச்சுவிடும் வழக்கமில்லை.

பிளாட்பாரத்தில் மகன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தமிழ் கொஞ்சம் குறைவுதான். "அப்பா, ஜல்தி வந்துடுங்க" என்று மட்டும் சொன்னான். அண்ணாச்சி என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"நான் ஒம்மகிட்ட கோவமாத்தான் இருக்கேன் வே. அதுல ஒண்ணும் சந்தேகம் வேண்டாம்" என்றார். "ஆனா ஒரு வழி இருக்கு. இங்க எங்க பிரிவுல என் எடத்தோட சேத்து ரெண்டு எடம் காலி. சென்னைல எனக்குச் சமமா இருக்கிற எவனாவது என்கூட டெல்லிக்கு வாரேன்னு எழுதிக் குடுத்தா, காரணம் கேக்காம ரெண்டு பேரையும் ஒரே உத்தரவுல அனுப்பிருவான். சோடியாப் போறதுக்கு ரூல் இருக்கு. ஆளப் புடிச்சுக் குடுக்க வேண்டியது ஒம்ம பொறுப்பு. நீருதான் பேச்சுல எமகாதகனாச்சே."

இப்போது அதுதான் என் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காரில் போய் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, சென்னையில் இருக்கிற முன்பின் தெரியாத கணக்குப் பிரிவு ஆட்களுக்குப் போன் போடுகிறேன். டெல்லியின் அருமை பெருமைகளை எடுத்துச் சொல்கிறேன். மெட்ரோ, குவார்ட்டர்ஸ், பூங்கா, குளிர்காலத்துக் கேரட் அல்வா, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும் முருங்கைக்காய். பிள்ளைகளுக்கு இந்தி தானாக வந்துவிடும் என்கிறேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்.

நேற்றுப் பேசியவர் மற்றவர்களைவிட ஆர்வமாக இருந்தார். மச்சினர் இங்கே இருக்கிறாராம். பிள்ளைக்கு இங்கே காலேஜ் பார்க்கிறார்களாம்.

"எல்லாம் சரி சார். அங்க காத்து எப்படி?"

நான் வெளியே பார்த்தேன். பார்க்கிங்கின் மறுமுனையில் ஒரு கட்டடம் இருக்கவேண்டும்.

"பழகிடும் சார்" என்றேன்.

வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார். பட்டியலில் அடுத்த ஆள் வேலூர்க்காரர். வேலூரில் வெயில் அதிகம். அதை வைத்து ஏதாவது ஆரம்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.